ரக்டர் பெட்டிக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ்?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவிடம் வாங்கிய பழைய ரக்டர் பெட்டி, அதாவது ரக்டரின் பின்னால் கொளுவி இழுக்கும் ட்ரெயிலர், ஒரு அக்சில், இரண்டு சில்லு. போன ஐப்பசியில் இரண்டு பக்கமும் புது பேரிங் போட்டாராம். மாசியில் நெல் மூடைகளுடன் மாங்குளம் றோட்டில் போகும்போது இடது பக்கம் புகைந்து, சில்லு இறுகி நின்றுவிட்டது. கராஜில் “மலிவுச் சாமான், அதுதான் போயிட்டுது” என்று சொல்லி வேறு பேரிங் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரக்டருக்கு மணிக்கணக்குப் பார்த்து ஒயில் மாற்றுகிறோமே, பெட்டிக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது அவருடைய கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “பராமரிப்பில் நான் குறை வைக்கிறதில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த கையோடு வாய்க்காலில் இறக்கி வடிவாகக் கழுவித்தான் விடுகிறேன்.”

மாதக் கணக்குக் கேட்டிருந்தாலும், அவருடைய மனதில் உறுத்துவது வேறு விஷயம் என்று நினைக்கிறேன். புதிதாகப் போட்ட பேரிங் நாலு மாதத்தில் ஏன் போனது, இப்போது போட்டிருப்பதும் அப்படியே போகுமா? அதற்கான பதில் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் கராஜ் வேலை. சின்ன வயதில் லொறி கராஜில் கையாளாக நின்று பழகியது, பிறகு ரக்டர், லான்ட்மாஸ்டர், அவற்றின் பெட்டிகள் என்று இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. உங்கள் பெட்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை. இங்கே ஓடும் பெட்டிகள் பல உள்ளூரில் வெல்ட் பண்ணிச் செய்தவை. ஒன்றில் பழைய லொறியின் அக்சில் இருக்கும், இன்னொன்றில் வேறு எதையோ வெட்டி ஒட்டியிருப்பார்கள். கையேடு என்று ஒன்றும் கிடையாது. ஆகவே எது எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும், எதைத் திறந்து பார்த்துத்தான் சொல்லலாம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது. மூடைகளுடன் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சில்லின் நடுக்குடம், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அதே சூட்டோடு சில்லை வாய்க்கால் தண்ணீரில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்க வேண்டும். வெளியில் இருப்பது தண்ணீர். ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் றப்பர் வளையம்தான் ஒயில் சீல். அதன் உதடு உள்ளே இருக்கும் கிறீஸ் வெளியே வராமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து உறிஞ்சப்படும் தண்ணீரை, அதுவும் தேய்ந்த சீல், மறிக்காது. ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி போனாலும் போதும். நீங்கள் ஒவ்வொரு நாளும் கழுவியிருக்கிறீர்கள்.

மாரியில் குளம் வான் பாய்ந்து தாம்போதியில் தண்ணீர் ஓடும்போது கடப்பதும் இதே கதைதான். அதைத் தவிர்க்க முடியாது, கடந்துதான் ஆக வேண்டும். ஆனால் வேலை முடிந்த கையோடு கழுவுவதைத் தவிர்க்கலாம். அரை மணித்தியாலம் மரத்தடியில் விடுங்கள். ஹப்பில் கை வைத்தால் நிழலில் கிடந்த இரும்பின் சூடு மட்டும்தான் தெரிய வேண்டும். பிறகும் வாய்க்காலில் இறக்க வேண்டாம், வாளியால் அள்ளி ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோனால் ஹப்பின் பின்பக்கத்துக்கு நேரே அடிக்க விடாதீர்கள்.

தண்ணீர் புகுந்ததா என்பதைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். சில்லைக் கழற்றி, ஹப் மூடியைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி எடுங்கள். நல்ல கிறீஸ் போட்ட நிறத்திலேயே, கொஞ்சம் கறுத்து, விரலில் வழுக்கும். தண்ணீர் கலந்தது மோரோடு அடித்த வெண்ணெய் மாதிரி வெளிறி, நுரைத்து இருக்கும். விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பே இருக்காது. கருகிக் கட்டியாகி எரிந்த வாசம் வந்தால் அது சூட்டில் போனது. வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது மினுமினுவென்று பொடி தெரிந்தால் பேரிங்கின் இரும்பே உரிந்து கிறீஸில் கலந்திருக்கிறது, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றுங்கள். உங்கள் இடது பக்கத்தைக் கழற்றியபோது கிறீஸ் என்ன நிறத்தில் இருந்தது என்று கராஜ்காரரிடம் கேட்டீர்களா? பழைய பேரிங்கை வாங்கி வைத்திருந்தால் உருளைகளையும் அவை ஓடும் வளையத்தையும் பாருங்கள். ஒரே இடைவெளியில் மங்கிய கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அது தண்ணீரோடு நின்ற பேரிங். பெட்டி ஓடாமல் நிற்கும் நாட்களில் உருளை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பிடிக்கும், அந்தத் தடம் அது.

சாமான் சரியில்லை என்று கராஜில் சொன்னது பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. போலி பேரிங் சந்தையில் இருக்கிறது. பெயரும் இலக்கமும் மங்கலாக, கோணலாக அடித்திருந்தால், விலையும் மற்றக் கடைகளின் பாதியாக இருந்தால், வாங்காமல் வந்துவிடுங்கள். ஆனால் தரமான பேரிங்கும் தண்ணீருக்குள் நாலு மாதம் தாங்காது. ஆகவே இந்த இரண்டில் எது காரணம் என்று பழைய சாமானைப் பார்க்காமல் எவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு, எனக்கு அதிலும் சந்தேகம் இருக்கிறது: அக்சில் முனையில் பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம்.

இந்த இறுக்கும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டிச் சில்லில் பெரும்பாலும் இருப்பது சாய்ந்த உருளை பேரிங், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஒன்றையொன்று பார்த்தபடி. நட்டை இறுக்க இறுக்க உருளைகள் கிண்ணத்துக்குள், அதாவது பேரிங்கின் வெளிவளையத்துக்குள், நெருக்கப்படும். பக்கத்தில் நிற்பவர் “நல்லா இறுக்கு, ஆட்டம் இருக்கக் கூடாது” என்று சொல்வார். கேட்காதீர்கள். செய்ய வேண்டியது இப்படி. சில்லை ஒரு கையால் சுற்றிக்கொண்டே நட்டை ஸ்பனரால் இறுக்குங்கள், சில்லு சுற்றக் கஷ்டப்படும் வரைக்கும். அது உருளைகளை இடத்தில் உட்கார வைப்பதற்கு. பிறகு நட்டை முழுதாகத் தளர்த்துங்கள். இப்போது ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மட்டும் முட்டும் வரை திருப்புங்கள். நட்டு கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால், நேராக வரும்வரை பின்னோக்கித் தளர்த்துங்கள், முன்னோக்கி இறுக்க வேண்டாம். புது ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் மடியுங்கள். கம்பித் துண்டு வேண்டாம், பழைய பின்னை நிமிர்த்திப் போடவும் வேண்டாம். முடிந்ததும் சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கும் அளவுக்கு ஒரு சின்ன ஆட்டம் கைக்குத் தெரிய வேண்டும். அது சரி. டொக் டொக் என்று கேட்டால் கூடிப்போச்சு.

புது பேரிங் போட்டால் கிண்ணத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்துக்குள் புது உருளையை விடுவது காசை மிச்சம் பிடிப்பது போலத் தெரியும், ஒரு போகம்கூடத் தாங்காது. கிண்ணத்தை ஹப்புக்குள் அடிக்கும்போது அடி முட்டும் வரை அடியுங்கள். கடைசி இரண்டு அடியில் சத்தம் மாறும், மந்தமாக இருந்தது கணீரென்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் விட்டால் முதல் லோட்டிலேயே கிண்ணம் இன்னும் உள்ளே போய், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இறுக்கம் தளர்ந்துவிடும். அதனால்தான் புதிதாகப் போட்டபின் முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒருமுறை மூடியைத் திறந்து ஆட்டம் பார்க்கச் சொல்கிறோம்.

கடைக்குப் போகும்போது பேரிங்கின் இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். 30207 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள் துளை 35 மில்லிமீற்றர். 30206 என்றால் 30. கடைக்காரர் ஞாபகத்தில் எடுத்துத் தருவதைச் சரிபார்க்க இந்தக் கணக்குப் போதும்.

ஒயில் சீலையும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாற்றுங்கள், பேரிங்கோடு பார்த்தால் அது சல்லிக் காசு. சுருள் கம்பி தெரியும் பக்கம் கிறீஸைப் பார்த்து உள்நோக்கி இருக்க வேண்டும். இரட்டை உதட்டுச் சீல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வெளி உதடு சேற்றுக்கு. சீலின் உதடு உட்காரும் இடத்தில் அக்சிலை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் தண்ணீர் புகும். கடைச்சல் பட்டறையில் கொடுத்து அதற்கு ஒரு வளையம் போட்டுக்கொள்ளலாம்.

கிறீஸ். சிவப்பு நல்லதா நீலம் நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். நிறம் வெறும் சாயம், கம்பனி விருப்பம். டின்னில் லித்தியம் அல்லது லித்தியம் கொம்பிளெக்ஸ் என்றும், தடிப்பு 2 என்றும், சில்லு பேரிங்குக்கு உகந்தது என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகையைக் கலக்க வேண்டாம். சில வகைகள் சேர்ந்தால் இளகி எண்ணெய் போல வடிந்துவிடும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதிதாகப் போடுங்கள். கழுவிய பேரிங்கைக் கொம்பிரசர் காற்றால் விர்ரென்று சுற்ற விட்டு விளையாடுவார்கள் பொடியன்கள். கிறீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் அங்கேயே கீறல் விழும், உருளை தெறித்துக் கண்ணிலும் படலாம்.

உள்ளங்கையில் ஒரு உருண்டை கிறீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள், மற்றப் பக்கத்தால் புழுப் புழுவாக வெளியே வரும்வரை. சுற்றி முழுக்க அப்படி வர வேண்டும். ஹப்புக்குள் இருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, கூடினால் பாதி. முழுக்க அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிவிடும், பிறகு அந்த வழியால் தண்ணீர் வரும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது நாங்கள் பழைய கிறீஸைத் துணியில் வடித்து மறுபடி போட்டிருக்கிறோம். அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இப்போது கிறீஸ் கிடைக்கிறதே என்று ஹப்பை முட்ட முட்ட அடைக்கிறார்கள். அவர்களோடு வாதாடி நான் வென்றதில்லை.

இப்போது மாதக் கணக்கு. பெட்டிக்கு மீற்றர் இல்லை, ஆனால் போகம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்து காலபோக வெட்டுத் தொடங்கும் முன், தை மாதத்தில் இரண்டு ஹப்பையும் திறந்து கழுவிப் புது கிறீஸ் போடுங்கள். தண்ணீரில் நின்ற பெட்டி வருடத்தில் கனமான லோட்டுக்குப் போகும் நேரம் அதுதான். இடையில் ஹப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரைக் கடந்தால் அந்த வாரத்துக்குள் மூடியை மட்டுமாவது கழற்றிக் கிறீஸின் நிறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தால் முழுதாகத் திறங்கள். சிறுபோகத்துக்கு முன் ஜக்கில் தூக்கிச் சில்லைச் சுற்றிச் சத்தம் கேட்டு, ஆட்டம் பார்த்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுதாகத் திறக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. தண்ணீரில் இறங்காத பெட்டிக்கு அது தேவையில்லை என்பது என் அனுபவம். அடிக்கடி திறந்து மண் விழுந்து கெட்ட ஹப்புகளையும் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் விட மலிவான வேலை ஒன்று இருக்கிறது, உங்கள் கையால் தொட்டுப் பார்ப்பது. லோட்டுடன் கிளம்பி ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு எங்காவது தேத்தண்ணிக்கு நிற்கும்போது ஒருமுறை, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்றில் கை வைத்திருக்க முடியவில்லை, மற்றது சும்மா இருக்கிறது என்றால் அதோடு ஓட வேண்டாம். எங்களிடம் வந்த ஒருவர், புதுக்குடியிருப்புப் பக்கத்தவர், தன் பெட்டியின் சில்லே தன் ரக்டரை முந்திக்கொண்டு போய் வயலுக்குள் இறங்கியதைப் பார்த்தவர். முதலில் அது யாருடைய சில்லு என்று யோசித்தாராம். அதற்கு முன் ஒரு மணித்தியாலமாகக் கீச்சென்ற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, மில் பூட்ட முன் போய்ச் சேர வேண்டும் என்று நிற்காமல் ஓடியிருக்கிறார். ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எதிரே மோட்டார் சைக்கிள் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவரே பிறகு சொல்லிக்கொண்டிருந்தார்.

சில்லு நட்களைக் கழற்றிப் பூட்டினால் லோட்டுடன் ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள். குறுக்கும் நெடுக்குமாக இறுக்க வேண்டும், வரிசையாகச் சுற்றி வரக் கூடாது. பழைய லொறி அக்சிலாக இருந்தால் இடது பக்கப் போல்ட்கள் எதிர்ப்புரியாக இருக்கலாம். போல்ட் முனையில் எல் என்ற ஆங்கில எழுத்து அடித்திருக்கும். அது தெரியாமல் நீண்ட பைப் போட்டு மிதித்துப் போல்டையே முறித்தவர்கள் இருக்கிறார்கள்.

ரயரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காற்றளவும் தாங்கும் பாரமும் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. காலையில், ஓட முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடியுங்கள். நான்கு இலக்கத்தில் ஒரு எண் இருந்தால், உதாரணமாக 2319 என்றால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. பெட்டி ரயர் பல்லுத் தேய்ந்து சாவதைவிட வெயிலில் வெடித்துச் சாவதுதான் அதிகம். வேலையில்லாத மாதங்களில் அக்சிலுக்குக் கீழே மரக்குத்தி வைத்துத் தூக்கி, ரயரில் நிழல் படும்படி விடுங்கள்.

பாரத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். நெல் மூடை 65 கிலோ என்று வைத்தால் 60 மூடை கிட்டத்தட்ட 3.9 தொன். ஒரு கியூப் மணல் என்பது நூறு கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். காய்ந்த மணலே நாலரைத் தொன் வரும், ஈர மணல் ஐந்தைத் தாண்டும். மூடை அடுக்கினால் உயரம் பார்த்தே பயம் வரும். மணல் பெட்டியின் விளிம்பைக்கூடத் தொடாது, பாரமோ அதிகம். இரண்டு ரயரிலும் எழுதியிருக்கும் பாரத்தைக் கூட்டி, பெட்டியின் வெறும் எடையைக் கழித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். சாமான் ஏற்றும்போது அக்சிலுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். பின்னால் கூடினால் பெட்டி ரக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும், சில்லு பிடிக்காது.

ரிம்மில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இதில் சந்தேகமே கிடையாது. பழைய லொறி ரிம்கள் சிலவற்றில் ரயரைப் பிடித்திருப்பது தனியாகக் கழலும் லொக் ரிங். அது சரியாக உட்காராமல் காற்றடித்தால் வாள் மாதிரிப் பறக்கும். காற்றை முழுக்க இறக்கிய பிறகே கழற்ற வேண்டும், காற்றடிக்கும்போது சங்கிலியால் சுற்றிக் கட்டி, நேர் எதிரே நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். ரயர் பூட்டியிருக்கும் ரிம்மில், காற்று இல்லாவிட்டாலும், வெல்டிங் செய்யவே கூடாது. சூட்டில் ரயருக்குள் வாயு உண்டாகி வெடிக்கும். வெல்டிங் கடையில் “ஒரு சின்னப் பொட்டுத்தானே” என்று சொன்னால் பெட்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

அடுத்து ஏர்க்கால், அதாவது ரக்டரோடு கொளுவும் நீட்டு இரும்பு. பேரிங் போனால் பெட்டி நிற்கும், இது போனால் பெட்டி தன் பாட்டுக்குப் போகும். கொளுவும் வளையத்தின் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாகிவிட்டதா என்று பாருங்கள். வளையத்துக்குள் போடும் பின்னின் உடம்பில் படி விழுந்திருந்தால் மாற்றுங்கள். கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகப் போடுவது இங்கே சாதாரணம். அது சீமெந்துக்குள் கிடந்து இழுவையைத் தாங்கச் செய்த இரும்பு. குலுக்கலில் குறுக்கே வெட்டுப்படும் வேலைக்கு ஆகாது. அதற்கென்று செய்த தடித்த பின்னும் கீழே கழராமல் கிளிப்பும் வாங்கிப் போடுங்கள். ரக்டர் உடம்புக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சங்கிலியும் வேண்டும்.

ஏர்க்காலும் சட்டமும் சதுரக் குழாயால் செய்ததாக இருந்தால் இன்னொன்றைப் பாருங்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு என் கராஜுக்கு வந்த பல பெட்டிகள், சனம் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த இடத்தில் தேடி எடுத்தவை. அதற்குள் குடியிருந்து, சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துத் தறப்பாளின் கீழ் இழுத்துக்கொண்டு போன பெட்டிகள் அவை. பலகையில், தகட்டில் ஷெல் துண்டு பட்ட ஓட்டைகளை எல்லோரும் ஒட்டி அடைத்தார்கள், நெல் கொட்டுமே. சட்டக் குழாயின் அடியில் விரல் நுழையும் ஓட்டையை யாரும் கவனிக்கவில்லை. அந்த வழியால் வருடக்கணக்கில் தண்ணீரும் சேறும் போய் உள்ளே தங்கியது. வெளியில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே அரித்துக் கடதாசி ஆகியிருக்கும். உங்கள் பெட்டி மாமாவிடம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலால் குழாயின் அடிப்பக்கத்தை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போலச் சொல்லும். மந்தமாகக் கேட்கும் இடத்தில், அல்லது உள்ளே பொலபொலவென்று துரு உதிரும் சத்தம் கேட்கும் இடத்தில் அடையாளம் போடுங்கள். குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெடிப்பு வரும் இடம் ஏர்க்கால் சட்டத்தோடு சேரும் மூலை. பெயின்டில் மயிர்க்கோடு போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அது வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து அனுப்பி “இது தாங்குமா” என்று கேட்பவர்களுக்கு நான் தாங்கும் என்று சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. பழைய ஒட்டின் மேல் ஒட்டாமல், அரைத்து எடுத்துவிட்டு ஒட்டி, மேலே தகடு வைக்க வேண்டும். தகட்டின் முனை சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் முடியாமல் சாய்வாக வெட்டியிருந்தால் நல்லது. நேர்கோட்டில் முடிந்தால் அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டில்தான் வரும். வெல்டிங் செய்யும்போது ரக்டரைக் கழற்றிவிடுங்கள். ஏர்த் கிளம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். சில்லில் மாட்டினால் மின்சாரம் பேரிங்குக்குள்ளால் போகும், உருளையில் புள்ளி புள்ளியாகச் சுடும். உங்கள் பெட்டியில் ஐப்பசிக்குப் பிறகு வெல்டிங் வேலை ஏதும் நடந்ததா? நடந்திருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் உங்கள் பெட்டிக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் ரக்டரின் இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் சேர்க்கும் கொளுக்கியை றோட்டில் ஏற முன் கட்டாயம் போடுங்கள். உழவில் கழற்றிவிட்டு மறந்துபோய், லோட்டுடன் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் பெட்டி ரக்டரை மடக்கிவிடும். பின் லைட்டுக்கு, கொளுவும் பின் வழியாக ஏர்த் வரும் என்று நம்பாமல் தனி வயர் இழுங்கள், பாதி லைட் பிரச்சினை அதோடு தீரும். பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அறுவடைக் காலத்தில் றோட்டோரம் நெல் காயும், இரவில் லைட் இல்லாத பெட்டியைக் கண்டுபிடிப்பது பின்னால் வருபவரின் அதிர்ஷ்டம்.

பசளை ஏற்றிய அன்று மட்டும் கழுவாமல் விடாதீர்கள். யூரியா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எம்ஓபி என்கிற பொட்டாஷ் பசளையில் குளோரைட் இருக்கிறது, உப்பு செய்யும் வேலையை அதுவும் செய்யும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றுபவர்களுக்கும் ஆனையிறவிலிருந்து உப்பு ஏற்றுபவர்களுக்கும் இது சொல்லாமலே தெரியும். முதலில் கூட்டி அள்ளிவிட்டு, பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் தேங்குவதை வடிய விடுங்கள். அடிப்பலகைக்குக் கழிவு ஒயில் பூசுவதில் எனக்கு இரண்டு மனம். கறையானும் ஈரமும் வராது என்பது உண்மை. ஆனால் அதே பலகையில் நெல்லைக் கொட்டினால் மணம் பிடிக்கும். சட்டத்தின் அடிப்பக்கத்துக்கு மட்டும் பூசலாம், ரயரில் படாமல்.

இப்போது போட்டிருக்கும் பேரிங்கையும் மாசியிலிருந்து இன்றுவரை வாய்க்காலில் இறக்கித்தானே கழுவியிருப்பீர்கள்? அப்படியானால் தை வரை பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே இரண்டு மூடியையும் கழற்றிப் பாருங்கள், புகைந்த இடது பக்கத்தை மட்டுமல்ல, வலதையும். இரண்டும் ஒரே வாய்க்காலில்தான் இறங்கின. புகைந்த பக்கத்தில் அக்சில் தண்டு நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் நீலமோ கீறலோ இருந்தால், புது பேரிங்கின் உள்வளையம் கையால் தள்ளும்போது ஆட்டமில்லாமல் ஏறுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். கலகலவென்று ஏறினால் பேரிங்கை எத்தனை தடவை மாற்றியும் பயனில்லை, தண்டைக் கடைச்சலுக்குக் கொண்டுபோக வேண்டும்.